தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு தஞ்சாவூர் ஓவியம் கற்பது எப்படி

தஞ்சாவூர் ஓவியம் கற்க வேண்டும் என்று நம் பக்கம் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "தஞ்சாவூருக்கே போயிடுங்க." இன்னொன்று, "யூடியூப்லதான் எல்லாம் இருக்கே." வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டுத் தஞ்சாவூரில் போய் உட்கார முடியாது, வீடியோவைப் பார்த்துப் பலகை தயார் செய்தால் பத்தாம் நாள் வெடிப்பு விடுகிறது. எதை எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும், யாரிடம் என்ன கேட்பது என்று சொல்ல இங்கே ஆள் இல்லாமல் நான் அலைந்து சேர்த்த விவரங்களைத்தான் வரிசையாக எழுதுகிறேன். கலையின் வரலாறு வேண்டுமென்றால் நூலகத்தில் நிறைய இருக்கிறது, இங்கே கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கலையில் பணம் போவது தங்கத்தில், ஆனால் படம் கெடுவது பலகையிலும் முகத்திலும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தங்கத்தைப் பற்றியே கேட்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் பலகைக்கும் முகத்துக்கும் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தப் பாணி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இது தேவையில்லாத கேள்வி போலத் தெரியும். ஆனால் ஓசூர், சூளகிரி, பாகலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் பொறி. ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் நாற்பது கிலோமீட்டர். வகுப்பு தேடினால் இயல்பாக அந்தப் பக்கம்தான் கை நீளும். அங்கே மைசூர் பாணி கற்றுத் தரும் இடங்களும் உண்டு, தஞ்சாவூர் பாணி கற்றுத் தரும் இடங்களும் உண்டு, சில இடங்களில் இரண்டையும் கலந்து ஒரே பெயரில் கற்றுத் தருகிறார்கள்.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம். தஞ்சாவூர்ப் படத்தில் நகை, திருவாசி, தூண், திரை எல்லாம் நன்றாக மேடு எழும்பி நிற்கும், மேலே கல் பதித்திருக்கும், உருவங்கள் உருண்டு திரண்டு இருக்கும், பின்புலம் ஒரே அடர் நிறமாக, பெரும்பாலும் சிவப்பு, பச்சை அல்லது நீலமாக இருக்கும். மைசூர்ப் படத்தில் மேடு மிகவும் தாழ்வு, தங்கம் மெல்லிசு, கல் பதிப்பது வழக்கமில்லை, கோடுகள் நுணுக்கமாக ஓடும், அடியில் துணிக்குப் பதில் பெரும்பாலும் தாள் ஒட்டியிருக்கும். மேடு எழுப்பும் கலவையும் வேறு. இரண்டும் அருமையான கலைதான், நான் தராசு பிடிக்க வரவில்லை. ஆனால் ஒன்றின் கலவையை வைத்துக்கொண்டு இன்னொன்றைச் செய்யப் போனால் இரண்டுமே வராது. வகுப்பில் சேரும் முன் ஆசிரியர் முடித்த படத்தை நேரில் பார்த்து, பக்கவாட்டில் சாய்த்து, மேடு எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.

2. யாரிடம் கற்பது, என்ன கேட்பது

நம் மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் மூன்று வழி.

முதலாவது, சேலம், ஓசூர், பெங்களூருவில் நடக்கும் வார இறுதி வகுப்புகள். ஒரு சின்னப் படத்தை முழுதாக முடித்துத் தருவார்கள். நான் விசாரித்த வகையில் பொருட்களோடு சேர்த்து நாலாயிரத்திலிருந்து எட்டாயிரம் ரூபாய் வரை கேட்கிறார்கள், தங்கம் விலை ஏறினால் இதுவும் ஏறும்.

இரண்டாவது, தஞ்சாவூர் போய் ஒரு வாரம் பத்து நாள் தங்கி, ஒரு ஓவியரின் பட்டறையிலேயே உட்கார்ந்து கற்பது. என்னைக் கேட்டால் இதுதான் உயர்ந்தது, ஏனென்றால் அங்கே ஒரே நேரத்தில் பல படங்கள் பல கட்டங்களில் கிடக்கும், ஒன்று மக்கு (மேடு எழுப்பும் கலவை) காய்ந்துகொண்டிருக்கும், ஒன்றுக்கு முகம் எழுதிக்கொண்டிருப்பார்கள், பார்த்தாலே பாதி புரிந்துவிடும். போவதற்கு, மைசூருவிலிருந்து மயிலாடுதுறை வழியாகப் போகும் எக்ஸ்பிரஸ் ரயில் ஓசூர், தர்மபுரி வழியாகத்தான் தஞ்சாவூர் போகிறது. ராத்திரி ஏறினால் விடிவதற்குள் இறங்கிவிடலாம். கிருஷ்ணகிரி ஊருக்கு ரயிலே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும், அங்கிருந்து வருகிறவர்கள் தர்மபுரிக்கோ ஓசூருக்கோ வந்து ஏற வேண்டும். பஸ் என்றால் சேலம், திருச்சி மாறிப் போகலாம். போனால் அரண்மனையில் சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தையும், ஊரில் பூம்புகார் அரசு கைவினை விற்பனை நிலையத்தையும் பார்க்காமல் வராதீர்கள். பழைய படம் எப்படி இருக்கிறது, இன்று விற்கும் படம் எப்படி இருக்கிறது என்று இரண்டையும் ஒரே நாளில் கண்ணில் ஏற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஆன்லைன் வகுப்பு. பலகையையும் மக்கையும் ஒரு முறையாவது நேரில் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது போதும். தொடாதவர்களுக்குப் போதாது. மக்கின் பதம் விரலுக்குத்தான் தெரியும், திரையில் தெரியாது.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பலகையை நானே தயார் செய்வேனா, இல்லை தயாரானதைக் கொடுப்பீர்களா? மக்கு நான் கலக்குவேனா? தங்கம் எத்தனை கேரட், கட்டணத்தில் அடங்குமா, தனியா? முகத்தை யார் எழுதுவது? வகுப்பு நாளில் முடியாவிட்டால் கூடுதல் கட்டணம் உண்டா?

முகம் பற்றிய கேள்வியை மட்டும் கூச்சப்படாமல் கேளுங்கள். நான் போன ஒரு வகுப்பில் பலகையைத் தயாராகக் கொடுத்தார்கள், மக்கும் பாதி போட்டே இருந்தது, கடைசி நாள் ஆசிரியரே வரிசையாக எல்லோர் படத்துக்கும் முகம் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு எடுத்துப் போன படம் அழகாகத்தான் இருந்தது. வீட்டில் இரண்டாவது படத்துக்கு உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

கேட்கும் ஆவணங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. ஆதார் நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவு புகைப்படம், அவ்வளவுதான். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்கி வையுங்கள். சான்றிதழ் தருகிறோம் என்று கூடுதலாகக் கேட்டால் அந்தச் சான்றிதழ் யார் பெயரில் என்று பாருங்கள். ஒரு தனியார் வகுப்பின் சான்றிதழுக்கு அந்த வகுப்புக்கு வெளியே அவ்வளவாக மதிப்பில்லை, அதற்காகத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம்.

3. முதல் படம் எதுவாக இருக்கட்டும்

பிள்ளையார். யோசிக்கவே வேண்டாம். யானை முகத்தில் கண் ஒரு நூல் தள்ளிப் போனாலும் பிள்ளையார் பிள்ளையாராகவே இருப்பார். அதே தவறு லட்சுமி முகத்தில் வந்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "யாரும்மா இது?" என்று கேட்பார்கள். பிள்ளையாருக்கு அடுத்து தவழும் கிருஷ்ணன் அல்லது வெண்ணெய்க் கிருஷ்ணன். ராமர் பட்டாபிஷேகம் எல்லாம் நாலைந்து படம் முடித்த பிறகு. அதில் முகம் மட்டுமே பத்துக்கு மேல் வரும்.

அளவு பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் போதும். இதைவிடச் சின்னதாகப் போனால் நகைக்கு மக்கு போட இடமிருக்காது, பெரிதாகப் போனால் தங்கம் கையைக் கடிக்கும். ஓவியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது திருவாசியும் தூணும் அதிகமாக இருக்கும் படம் வேண்டாம், அத்தனை இடமும் தங்கம் கேட்கும். ஒரு வளைவு, ஒரு திரை, ஆசனம், நகைகள், போதும்.

4. பொருட்கள்: இங்கே கிடைப்பவை, கிடைக்காதவை

பிளைவுட், காடாத் துணி, ஃபெவிகால், உப்புத்தாள், சாக் பவுடர், போஸ்டர் கலர், தூரிகை, கார்பன் தாள் எல்லாம் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் கிடைக்கும். பிளைவுட்டுக்கு முழு ஷீட் வாங்காதீர்கள். கடையிலோ தெரிந்த தச்சரிடமோ வெட்டி மிஞ்சிய துண்டு இருக்கும், சொன்ன அளவுக்கு அறுத்தும் தருவார்கள். தண்ணீர் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள், சாதா ரகம் ஈரம் பட்டதும் வளைந்துகொள்ளும். எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாத கனம் நல்லது.

கிடைக்காதவை மூன்று: தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்), ஜெய்ப்பூர் கல் (படத்தில் பதிக்கும் கல்), சுக்கான் மாவு (சுண்ணாம்புக்கல் பொடி). மூன்றையும் தஞ்சாவூரிலேயே இதற்கென்று இருக்கும் கடைகளில் வாங்கலாம், தபாலிலும் கூரியரிலும் அனுப்புகிறார்கள். பெங்களூருவிலும் கலைப்பொருள் கடைகளில் கிடைக்கும். சுக்கான் மாவு கிடைக்கவில்லை என்றால் சாக் பவுடரிலேயே மக்கு செய்யலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

"கிட்" என்று பெட்டியில் எல்லாம் சேர்த்து விற்கிறார்கள். தங்கம் அதில் இருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் படியுங்கள். பல பெட்டிகளில் இருப்பது தங்க நிறத்தாள். இமிடேஷன் என்று சொல்லி விற்றால் குறையில்லை, பழகுவதற்கு நல்லதும்கூட, ஆனால் சில வருஷத்தில் மங்கிக் கறுத்துவிடும். ஒரு தாள் சில ரூபாய்க்குக் கிடைத்தால் அது தங்கம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். உண்மையான ரேக்கு வாங்கும்போது 22 கேரட் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர யோசிக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

செலவு, பத்துக்குப் பன்னிரண்டு படத்துக்குத் தோராயமாக: பலகை, துணி, பசை, மாவு, உப்புத்தாள் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். வண்ணமும் தூரிகையும் அறுநூறு, எழுநூறு (இது பல படத்துக்கு வரும்). கல் நூறு, இருநூறு. சட்டத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு. தங்கத்துக்கு நான் ஒரு தொகையை எழுதினால் நீங்கள் படிக்கும்போது அது பொய்யாகியிருக்கும், இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொருட்களுக்கு ஆகும் செலவில் பாதியையோ அதற்கு மேலேயோ தங்கத்துக்கு ஒதுக்குங்கள். அட்சய திருதியை நெருக்கத்தில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை, இது நகை இல்லையே.

5. பலகை

பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். தயாரான பலகையும் விலைக்கு வருகிறது, ஆனால் ஒரு பலகையாவது நீங்களே செய்யுங்கள். பிறகு தயார்ப் பலகை வாங்கினாலும் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்கத் தெரியும்.

காடாத் துணியை முதலில் வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டுக் காயவையுங்கள். கஞ்சியோடு ஒட்டினால் பிறகு சுருங்கும். பலகையின் மேல் ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கித் தடவி, துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுங்கள். பின்பக்கம் இரண்டு அங்குலம் மடித்து ஒட்டும் அளவுக்குத் துணி விட வேண்டும். காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் மேலே போடும் பூச்சு அந்த இடத்தில் பொரிந்து உதிரும். பழைய முறையில் புளியங்கொட்டைப் பசை. அதைப் போட்டால் பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஃபெவிகாலே போதும்.

ஒரு நாள் காய்ந்த பிறகு சாக் பவுடரை ஃபெவிகாலும் தண்ணீரும் விட்டுக் கலக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, அகலத் தூரிகையால் பூசுங்கள். முதல் பூச்சு மேலிருந்து கீழ், காய்ந்ததும் இரண்டாவது இடமிருந்து வலம். மூன்று பூச்சு வேண்டும். ஒவ்வொன்றும் மெல்லிசாக. கனமாக ஒரே பூச்சில் முடித்துவிடலாம் என்று தோன்றும், அதுதான் வெடிக்கும்.

நம் ஊர் வெயிலைப் பற்றி எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் தர்மபுரியில் மொட்டை மாடியில் பலகையை வைத்தால் அரை மணியில் மேல்தோல் காய்ந்து அடி ஈரமாகவே நிற்கும், சாயங்காலம் பார்த்தால் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். வெயிலிலும் வைக்காதீர்கள், ஃபேனுக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள். உள்ளறையில், சுவரில் சாய்க்காமல், படுக்கவைத்தே காயட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில், அதுவும் ஓசூர் குளிரில், ஒரு பூச்சுக்கு இரண்டு நாள்கூட ஆகும், அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடிக்க வேண்டாம். முதல் படத்தைத் தொடங்க நல்ல காலம் தை, மாசி.

பலகை ஒரு பக்கமாக வளைந்தால் பயப்பட வேண்டாம், பின்பக்கமும் ஒரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் நேராகிவிடும்.

கடைசியில் உப்புத்தாள். முதலில் கொஞ்சம் சொரசொரப்பானது, பிறகு சீரோ நம்பர். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், எங்கும் தட்டக் கூடாது. தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

6. கோடு எடுப்பது

படத்தை அதே அளவில் தாளில் வரைந்தோ அச்செடுத்தோ, பலகையில் வைத்து மேல் ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டி, நடுவே கார்பன் தாள் செருகி, கூரில்லாத பேனாவால் மேலோட்டமாக எடுங்கள். டைப்பிங் வேலைக்கு வரும் நீலக் கார்பன் வேண்டவே வேண்டாம், அந்த மை வெள்ளைப் பூச்சின் மேல் போடும் இளநிறங்களில் ஊறி மேலே வரும், எத்தனை தடவை பூசினாலும் எட்டிப் பார்க்கும். மஞ்சள் கார்பன் நல்லது. கிடைக்காவிட்டால் தாளின் பின்பக்கம் பென்சிலால் லேசாகத் தேய்த்துக்கொண்டால் போதும்.

மூலத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள். மக்கும் தங்கமும் போட்ட பிறகு கை, விரல், காது எல்லாம் எங்கே இருந்தன என்று அதைப் பார்த்துத்தான் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

7. கல்லும் மக்கும்

முதலில் கல்லை ஃபெவிகால் வைத்து அதனதன் இடத்தில் ஒட்டிக் காயவிடுங்கள், பிறகு அதைச் சுற்றி மக்கு. பெரிய கல் பதக்கத்துக்கும் கிரீடத்தின் நடுவுக்கும் மட்டும் போதும். புதியவர்கள் கல்லை வாரி இறைத்துவிடுகிறார்கள், கல் கூடினால் தங்கம் அடங்கிப்போகும்.

மக்கு என்பது சுக்கான் மாவோ சாக் பவுடரோ, ஃபெவிகாலோடு கட்டியில்லாமல் குழைத்தது. மாவை மெல்லிய துணியில் சலித்துவிட்டுக் குழையுங்கள். பதம் தோசை மாவுப் பதம். தூரிகை நுனியில் எடுத்து வைத்தால் வைத்த இடத்தில் முத்து மாதிரி நிற்க வேண்டும், பரவினால் தண்ணீர் அதிகம், நுனியில் வால் இழுத்தால் கெட்டி. ஒரு வேஸ்ட் பலகையில் வரிசையாகப் பத்து முத்து வைத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே அளவில் வரும்வரை படத்தில் கை வைக்க வேண்டாம். இதற்குச் சலித்துக்கொள்ளாதீர்கள், முத்துமாலை ஒழுங்காக வந்துவிட்டால் பாதிப் படம் முடிந்த மாதிரிதான்.

கோடு போட மருதாணிக் கோன் பிளாஸ்டிக்கையே சுருட்டிக்கொள்ளலாம். அகலமான இடங்களை (ஆசனம், தூண்) இரண்டு மூன்று அடுக்காக ஏற்றுங்கள், ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகு அடுத்தது. ஒரே நாளில் உயரமாக ஏற்றினால் காயும்போது நடுவில் குழி விழும். கலக்கிய மக்கு மிஞ்சினால் மூடிவைத்து மறுநாள் வரை ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். எல்லாம் போட்டு முடித்து இரண்டு நாளாவது ஆறவிடுங்கள்.

8. தங்க ரேக்கு

வேலம் பிசின் மாதிரியான கட்டிப் பிசினை, கடையில் அரபிக் கம் என்று கேளுங்கள், முந்தின நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வடிகட்டிக்கொள்ளுங்கள். கோடையில் மூன்று நாளில் புளித்து நாற்றம் அடிக்கும், அதனால் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

தஞ்சாவூர் வேலைக்கு வரும் ரேக்கு பின்னால் தாள் ஒட்டித்தான் வரும், கத்தரியால் வெட்டலாம். மூடவேண்டிய இடத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டி, பின்பக்கம் பிசின் தடவி, இடத்தில் வைத்துப் பஞ்சால் ஒற்றுங்கள். பிறகு பல்குச்சியின் மழுங்கிய முனையாலோ தூரிகைக் காம்பாலோ மக்கின் ஓரங்களில் அழுத்திக்கொண்டே வந்தால் உள்ளே இருக்கும் முத்தும் கோடும் ஒவ்வொன்றாக மேலே எழும்பும். இந்த வேலையில் கிடைக்கும் சுகம் தனி. கல்லின் மேல் மூடிய இடத்தைக் கூரான கத்தியால் சுற்றி வெட்டி எடுத்துவிடுங்கள்.

கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள், தேங்காய் எண்ணெய்க் கை பட்டால் ரேகை அப்படியே பதியும். வெட்டி விழும் துணுக்குகளை ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள், சின்னச் சின்ன முத்துக்கு அவையே போதும். பெரிய தாளைச் சின்ன இடத்துக்கு வெட்டுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய விரயம்.

9. வண்ணமும் முகமும்

முதல் படத்துக்கு போஸ்டர் கலர் எடுத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் காய்ந்ததுதான், போஸ்டர் கலரை ஈரத் தூரிகையால் திரும்ப இளக்கி நிழல் கொடுக்கலாம். அதே காரணத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கறை, டம்ளரைப் படத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். பின்புலம், உடை, ஆசனம் என்று தட்டையாக நிறம் அடித்துவிட்டு, அப்புறம் அதே நிறத்தின் அடர்த்தியில் நிழல், இளநிறத்தில் வெளிச்சம். பின்புலத்தைத் தங்கத்தின் ஓரத்தை ஒட்டி எழுதும்போது நம்பர் ஒன் தூரிகை, மற்ற இடத்துக்கு அகலமானது.

முகம் கடைசி. கடைசி என்றால் மற்ற எல்லாம் முடிந்து, மேஜையைத் துடைத்து, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுவது. முகத்தின் அடிநிறத்தைப் பூசி, தாடை ஓரம், கன்னத்தின் வெளிப்பக்கம், மூக்கின் இரு பக்கம், கண் இமைக்கு மேல் மட்டும் கொஞ்சம் அடர்நிறத்தைத் தொட்டு, சுத்தமான ஈரத் தூரிகையால் உள்பக்கமாக இழுத்துக் கரைக்க வேண்டும். கோட்டுக்குக் கறுப்பு எடுக்காதீர்கள், முகம் கடுத்துவிடும். அரக்கும் பழுப்பும் கலந்த நிறத்தில் கோடு போட்டு, புருவம், இமை, கண்மணிக்கு மட்டும் கறுப்பு. கண்ணில் இரண்டு மணியும் ஒரே பார்வையில் நிற்கிறதா என்று படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், தள்ளியிருந்தால் உடனே தெரியும்.

இதற்குப் பயிற்சி படத்தில் கிடையாது, நோட்டில்தான். பலகை காய்கிற நாட்களில் எல்லாம் முகத்தை மட்டும் எழுதிப் பழகுங்கள். தர்மபுரிக்காரர்களுக்கு இதற்கு ஒரு நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோவிலின் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அவை தஞ்சாவூர்ப் பலகைப் படம் இல்லை, வேறு மரபு, வேறு முறை. ஆனால் கண்ணையும் மூக்கையும் ஒரே இழுப்பில் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து எழுதினால் கை தானாகத் தளரும். அதே ஊரில் இருக்கும் காலபைரவர் கோவிலில் தேய்பிறை அஷ்டமியில் கூட்டம் அலைமோதும், அந்த நாளை விட்டுவிட்டு வேறு நாளில் போங்கள்.

10. சட்டம் போடுவது

நம் ஊரில் சாமிப் படத்துக்குச் சட்டம் போடும் கடைகள் நிறைய, வேலையும் சுத்தம். ஆனால் அவர்கள் கைக்குப் பழக்கம் தாளில் அச்சடித்த படம். கண்ணாடியைப் படத்தோடு ஒட்ட வைத்து, பின்னாலிருந்து ஆணியை அடித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் கண்ணாடி மக்கை நசுக்கும், அடிக்கிற அதிர்வில் ஓரத்தில் மக்கு விட்டுப்போகும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே கால் அங்குலமாவது இடைவெளி வர உள்கட்டை வைக்கச் சொல்லுங்கள், பின்னால் ஆணிக்குப் பதில் ஸ்குரூ போடச் சொல்லுங்கள், முடிந்தால் கூடவே நில்லுங்கள். தேக்குச் சட்டம் நல்லது. படத்தை முடித்த கையோடு எடுத்துப் போக வேண்டாம், ஒரு வாரம் ஈரம் வற்றட்டும். உள்ளே ஈரம் இருந்தால் கண்ணாடியில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

பலகையிலிருந்து சட்டம்வரை, வேலைக்குப் போய்க்கொண்டு சாயங்காலம் ஒரு மணி இரண்டு மணி நேரம் உட்காருகிறவர்களுக்கு ஒரு படம் ஒரு மாதம் இழுக்கும். அதில் பாதிக்கு மேல் காயட்டும் என்று காத்திருப்பதுதான்.

11. விற்க நினைத்தால்

நாலைந்து படம் முடிந்ததும் யாராவது கேட்கத் தொடங்குவார்கள். அதற்குள் செய்துவைக்க வேண்டியவை சில.

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவு தரும் கைவினைஞர் அடையாள அட்டை, பெஹச்சான் அட்டை என்பார்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. ஆதார், ஆதாரோடு இணைத்த செல்பேசி எண், புகைப்படம், வங்கிப் பாஸ்புக் தயாராக வையுங்கள். வேலை உண்மையிலேயே தெரியுமா என்று சரிபார்ப்பார்கள், அதனால் முடித்த படத்தோடு, பாதி வேலையில் நிற்கும் ஒரு படமும் கையில் இருக்கட்டும். வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சொந்தத் தொழிலாகச் செய்ய நினைத்தால் உத்யம் பதிவும் இலவசம்தான், ஆதாரும் பான் அட்டையும் போதும். கடன், மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவார்கள், அதன் பதினெட்டுத் தொழில் பட்டியலில் ஓவியம் இல்லை, அதற்காக அலைய வேண்டாம்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்த முத்திரையைப் போடும் உரிமை, பதிவு செய்த பயனாளர்களுக்கு மட்டும்தான். தர்மபுரியில் செய்த படத்தில் அந்த முத்திரையைப் போட்டு விற்கக் கூடாது. பில்லில் "தஞ்சாவூர் பாணி ஓவியம்" என்று எழுதி, தங்கம் 22 கேரட், அளவு, செய்த மாதம் குறிப்பிட்டு, ரேக்கு வாங்கிய பில்லின் நகலையும் கூடவே கொடுத்துவிடுங்கள். இமிடேஷன் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். விலை சொல்லும்போது தங்கத்தின் விலையை வாங்கிய நாள் கணக்கில் போடாமல், அடுத்த படத்துக்கு வாங்கப் போகும் விலையில் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு படம் விற்ற காசில் இன்னொரு படம் செய்ய முடியாது.